அம்மாயியின் அறைக்கு கேஸ் ஹீட்டர்: எந்தச் சிலிண்டர், எங்கே வாங்குவது?

29 டிசம்பர் 2023, இரவு 8.40 – இலங்கை மலையகத்து ராகலையிலிருந்து ஒரு வாசகியின் கேள்வி

குவைத்தில் இருக்கும் சித்தப்பா அம்மாயிக்காக ஒரு கேஸ் ஹீட்டர் அனுப்பியிருக்கிறார். சக்கரம் வைத்த பெட்டி மாதிரி இருக்கிறது. முன்னால் நெருப்பு எரியும் மூன்று தட்டு, பின்னால் சிலிண்டர் வைக்க இடம். இதற்கு நீலச் சிலிண்டரா, மஞ்சளா? ஐந்து கிலோ போதுமா? தெரிந்த ஒருவர், குளிர் இடத்தில் புரொப்பேன் கூடின கேஸ்தான் எரியும் என்கிறார். அப்படித் தனியாகக் கிடைக்குமா? அம்மாயிக்கு 78 வயது. ராத்திரி முழுக்க இருமல்.

29 டிசம்பர் 2023, இரவு 10.15

தங்கச்சி, நான் நுவரெலியாவுக்குப் பக்கத்து நானுஓயா. இதே மாதிரி மூன்று தட்டு ஹீட்டரை அம்மாவுக்காகக் கிட்டத்தட்ட இரண்டு வருசமாக வைத்திருக்கிறேன்.

புரொப்பேன் மட்டும் அடைத்த வீட்டுச் சிலிண்டரைத் தேடி அலைய வேண்டாம். நம்முடைய கேஸ் கடைகளில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது, பியூட்டேன்தான் அதிகம். லிட்ரோ கம்பெனி என்றால் நீலம், லாஃப்ஸ் கம்பெனி என்றால் மஞ்சள். இரண்டும் உங்கள் ஹீட்டரில் எரியும். நிறத்தைப் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள். உங்கள் கடைத்தெருவில் எந்த ஏஜென்டிடம் வருசம் முழுக்க கேஸ் இருக்கிறது, வீட்டில் ஏற்கனவே எந்த நிறத்து வெற்றுச் சிலிண்டர் கிடக்கிறது, இந்த இரண்டையும் பாருங்கள். வெற்றுச் சிலிண்டர் இல்லாவிட்டால் புதுச் சிலிண்டருக்கான காசையும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

அளவு: ஐந்து கிலோ. படி ஏற்றித் தூக்க லேசு.

பியூட்டேன் −0.5 பாகைக்குக் கீழே போனால் ஆவியாகாது, புரொப்பேன் −42 வரை ஆவியாகும். உங்களுக்குத் தெரிந்தவர் சொன்னது இதைத்தான். தை மாதம் உறைபனி விழும் காலையில் சிலிண்டர் மக்கர் பண்ணலாம், அவ்வளவுதான்.

30 டிசம்பர் 2023, காலை 6.20

ராத்திரி எழுதியதில் இரண்டு விசயத்தை இப்போதே திருத்த வேண்டும். தூக்கம் வரவில்லை, அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

ஒன்று, ஐந்து கிலோ என்று சட்டென்று சொல்லிவிட்டேன். நானும் அதில்தான் தொடங்கினேன். எங்கள் வீட்டுக்கு ரோட்டிலிருந்து 64 படி. சின்னதாக இருந்தால் நானே தோளில் வைத்து ஏறிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மூன்று தட்டையும் போட்டால் மணிக்கு 300 கிராம் அளவுக்கு கேஸ் போகிறது. கேஸ் ஆவியாகும்போது சிலிண்டரின் சூட்டைத்தான் எடுத்துக்கொள்ளும். சின்னச் சிலிண்டரில் திரவம் குறைவு, இரும்பும் குறைவு, சீக்கிரம் சில்லிட்டுப் போகும். ஒரு மார்கழி விடியலில் தொட்டுப் பார்த்தேன். பாதிக்குக் கீழே பனி படிந்து விரல் ஒட்டியது. தட்டில் நெருப்பு செம்மை குறைந்து மங்கலாகிவிட்டது. பன்னிரண்டரை கிலோவில் ஒரு தட்டு மட்டும் எரித்தால் இந்தத் தொல்லை கிடையாது. ஆகவே பெரியது. தூக்கப் பக்கத்துப் பையனைக் கூப்பிடுங்கள்.

இரண்டு, அந்த −0.5 பாகை கடல் மட்டத்துக் கணக்கு. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், காற்றழுத்தம் அங்கே கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். அந்த அழுத்தத்தில் பியூட்டேன் −6 பாகைக்குப் பக்கத்தில் வரைக்கும் கொதிக்கும். ரேஸ்கோர்ஸ் புல் வெளுத்துப்போகிற காலையிலும் வீட்டுக்குள் அவ்வளவு குளிர் இருக்காது. என் சிலிண்டர் சோர்ந்ததற்கு ஊர்க் குளிரை விட, சின்னச் சிலிண்டரில் பெரிய நெருப்பைக் கேட்டதுதான் காரணம்.

அந்தச் சிலிண்டர் முடியப்போகும் கட்டம் என்பதும் சேர்ந்துகொண்டது. கலவையில் புரொப்பேன்தான் முந்தி ஆவியாகி வெளியேறும். கடைசி ஒரு கிலோவில் மிஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேன். விடியலில் நெருப்பு மங்கினால் உடனே கலப்படம் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். முதலில் சிலிண்டரைத் தராசில் வைத்து நிறுத்துப் பாருங்கள்.

30 டிசம்பர் 2023, மதியம்

சில்லிட்ட சிலிண்டரில் சுடுதண்ணி ஊற்றினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறார்கள். கூடாது. சிலிண்டரைப் படுக்க வைத்தாலும் கூடாது, ஆவிக்குப் பதில் திரவமே குழாயில் ஏறிவிடும். ஹீட்டரை அணைத்துவிட்டு ஒரு மணித்தியாலம் சும்மா விடுங்கள்.

31 டிசம்பர் 2023

ரெகுலேட்டர் பற்றி எழுதாமல் விட்டுவிட்டேன்.

வெளிநாட்டிலிருந்து ஹீட்டரோடு வரும் ரெகுலேட்டர் பெரும்பாலும் நம்முடைய சிலிண்டர் வாயில் உட்காராது. அதை அடாப்டர் போட்டு இறுக்க முயல வேண்டாம். ஹீட்டரின் பின்பக்கத் தகட்டில் எந்த கேஸ், எத்தனை மில்லிபார் அழுத்தம் என்று அடித்திருக்கும். பியூட்டேனுக்கான பெரும்பாலான பெட்டி ஹீட்டர்களில் 28 முதல் 30 வரை இருக்கும். வீட்டு அடுப்புக்கு விற்கும் தாழ் அழுத்த ரெகுலேட்டர் அந்த அளவில்தான் வரும். தகட்டைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். நீங்கள் வாங்கும் சிலிண்டரிலேயே மாட்டிக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

கொத்து ரொட்டிக் கடைகளில் பெரிய பர்னருக்குப் போடும் உயர் அழுத்த ரெகுலேட்டர் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். ஹீட்டருக்கு அதைத் தொடவே கூடாது.

ஹோஸும் புதிதாக வாங்குங்கள், இரண்டு பக்கமும் கிளிப். சவர்க்கார நுரையைத் தடவி, மூட்டுகளில் குமிழி வருகிறதா என்று பாருங்கள். நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

3 ஜனவரி 2024

வாங்கும் இடத்தில் கவனிக்க வேண்டியது நிறை. சிலிண்டரின் கழுத்து வளையத்தில் வெற்று எடை அடித்திருப்பார்கள். என்னுடையதில் 13.4. அதோடு 12.5 சேர்த்தால் 25.9 கிலோ வர வேண்டும். போன வருசம் ஒரு கடையில் நிறுக்கச் சொன்னேன், 25.1 காட்டியது. சீல் உடையாமல்தான் இருந்தது. கடைக்காரர் வாக்குவாதம் பண்ணாமல் வேறொன்று எடுத்துக் கொடுத்தார், ஆனால் பின்னால் வரிசையில் நின்ற யாரும் தங்களுடையதை நிறுக்கச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது அரைக் கிலோவுக்குக் கேள்வி கேட்கிற சனம் நாம். கேஸுக்கும் கேட்க வேண்டும். பில் வாங்குங்கள். கடைக்காரர் மறுத்தால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குச் சொல்லலாம்.

கொண்டு வரும்போது நிமிர்த்தி வையுங்கள். த்ரீவீலில் என்றால் காலிடையில் பிடித்துக்கொண்டு, பக்கத் திரையைத் திறந்துவிட்டு வாருங்கள்.

டிசம்பர் விடுமுறையிலும் ஏப்ரல் சீசனிலும் விடுதிகள் எல்லாம் நிரம்பிவிடும், எங்கள் பக்கம் கேஸ் லொறி வந்த அன்றே சிலிண்டர் முடிந்துவிடும். மார்ச் கடைசியிலேயே மாற்றி வைத்துக்கொள்கிறேன்.

3 ஜனவரி 2024, இரவு

ஒருவர் 2022 கேஸ் வரிசையை நினைவுபடுத்தியிருக்கிறார். அதை மறக்க முடியுமா? 2021 அக்டோபர் வரைக்கும் கொழும்பு விலை 1,493 ரூபாயாக இருந்த 12.5 கிலோ லிட்ரோ, 2022 ஏப்ரலில் 4,860. அதுவும் கையில் காசு இருந்தாலும் கிடைக்காது. வெற்றுச் சிலிண்டர்களைக் கயிற்றில் கோர்த்து ரோட்டோரம் வைத்துவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். வீட்டில் அம்மா மிலாறு (தேயிலைக் குச்சி விறகு) அடுப்புக்குத் திரும்பினார். கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறு கட்டுக்கட்டாக இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன்திண்ணையில், ஏறியது, புகையில் இருமலும் ஏறியது. ஹீட்டர் வாங்கும் யோசனையே அந்த இருமலில்தான் வந்தது.

அப்போதிருந்து இரண்டு சிலிண்டர் வைத்திருக்கிறேன். ஒன்று ஹீட்டரில். மற்றது வெளியே, கூரைக்குக் கீழே, காற்றாட, நிமிர்ந்தபடி. கட்டிலுக்கு அடியில் வைக்காதீர்கள். கேஸ் காற்றை விடக் கனம். கசிந்தால் தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும்.

2021 கடைசியில் நாடு முழுக்க அடுப்பு வெடித்த செய்தி வந்ததே, அப்போது ஜனாதிபதி குழுவே போட்டு விசாரித்தார்கள். புரொப்பேன் விகிதம் என்ற சொல்லை எங்கள் ஊர்க் கிழவிகளும் அப்போதுதான் கற்றுக்கொண்டார்கள். 20 பாகையில் தூய பியூட்டேனின் அழுத்தம் சுமார் 2 பார், புரொப்பேனுடையது சுமார் 8 பார். புரொப்பேன் கூடினால் பழைய வாஷருக்கும் ரெகுலேட்டருக்கும் அத்தனை பாரம். எனவே குளிருக்குப் புரொப்பேன் நல்லது என்று யாராவது தனியாக அடைத்துத் தருவதாகச் சொன்னால் வாங்கவே வேண்டாம்.

9 ஜனவரி 2024

தங்கச்சி போன் படம் அனுப்பியிருந்தார். தகட்டில் 4.2 கிலோவாட். அம்மாயியின் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. படத்தைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற சந்தெல்லாம் பேப்பரும் சாக்கும் திணித்து அடைத்திருக்கிறது.

நான் இதுவரை சிலிண்டரைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன். முதலில் இதை எழுதியிருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் வருசம் ஹீட்டர் சரியாக நாற்பது நிமிசத்தில் அணைந்துவிடும். திரும்பப் பற்றவைத்தால் பத்து நிமிசம். கேஸ் மோசம் என்று சிலிண்டரை இறக்கி, 64 படி தூக்கிப்போய் மாற்றி வந்தேன். புதியதும் அணைந்தது. நீலத்திலிருந்து மஞ்சளுக்குப் போனேன். அதுவும் அணைந்தது. அம்மா ஒவ்வொரு நாளும் காலையில் தலையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். குளிரில் வந்த தலையிடி என்று சித்தாலேப தைலம் தேய்த்துவிட்டேன்.

ஹீட்டரைக் கழற்றிப் பார்க்க வந்த ஒரு வயதான மெக்கானிக், பெட்டியைத் தொடவே இல்லை. அறையைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னல் இடுக்கில் நான் ஒட்டியிருந்த டேப்பைக் கிழித்தார். கதவுக்கு அடியில் அம்மா சுருட்டி வைத்திருந்த கம்பளியை எடுத்தார். பற்றவைத்தார். ஒன்றரை மணித்தியாலம் அணையவில்லை. "கேஸ் நல்ல கேஸ் தம்பி, காம்பராவுக்குத்தான் மூச்சு முட்டுது" என்றார்.

இந்த ஹீட்டர்களில் பலவற்றில் ஒட்சிசன் குறைந்தால் தானாக அணைக்கும் அமைப்பு இருக்கும். நம்முடைய உயரத்தில் காற்றே மெல்லியது, ஆகவே அது இன்னும் சீக்கிரம் அணைக்கக்கூடும். ஹீட்டர் அடிக்கடி அணைந்தால் அந்த சென்சரைக் கட்டிவைக்கவோ நேரடியாக இணைக்கவோ யாரையும் விடாதீர்கள். அந்த நாற்பது நிமிசத்தில் அது என் அம்மாவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. நான் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அதை நம்பி அடைத்த அறையில் படுக்கவும் கூடாது. கார்பன் மொனொக்சைட்டுக்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை. கரிச்சட்டியை அறைக்குள் வைத்துத் தூங்கி எழும்பாமல் போனவர்களின் செய்தி நம்முடைய பக்கத்திலும் வந்திருக்கிறது. கேஸ் என்றால் கரியை விடச் சுத்தமாக எரியும், உண்மை. காற்று போதாவிட்டால் அதுவும் அதே விஷத்தைத்தான் தரும்.

10 ஜனவரி 2024

கணக்காகச் சொல்லுங்கள் என்கிறார்கள். என் ஹீட்டரின் கையேட்டில் போட்டிருப்பது: 4.2 கிலோவாட்டுக்கு மொத்தம் 105 சதுர சென்ரிமீற்றர் திறந்த காற்றுவழி, பாதி மேலே, பாதி கீழே. படுக்கையறையில் பாவிக்க வேண்டாம் என்றும் இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு, ஒன்பதடி உயரம் என்றால் 30 கன மீட்டர்தான். மூன்று தட்டும் எரிய அந்த இடம் போதவே போதாது.

என் வாக்கு இது: அம்மாயியின் காம்பராவில் இதை வைக்காதீர்கள். முன்பக்க அறையில் வையுங்கள். சந்தில் திணித்த சாக்கைப் பிடுங்குங்கள். பின்னேரம் ஆறிலிருந்து எட்டு வரை ஒரே ஒரு தட்டு, அம்மாயி அங்கே உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கட்டும். படுக்கப்போகும் முன் ஹீட்டரையும் சிலிண்டர் ரெகுலேட்டரையும் அணையுங்கள். படுக்கைக்குச் சுடுதண்ணிப் பை, துணி சுற்றி.

14 ஜனவரி 2024

நாளைக்குப் பொங்கல். பெரியவர்கள் வீட்டில் இருப்பதால் ஒன்று மட்டும். கசிந்தால் தெரிவதற்காகத்தான் கேஸில் அந்த நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். என் அம்மாவுக்கு அந்த நாற்றம் தெரியவில்லை. போன வாரம் சோதித்தேன், மூக்குக்குக் கிட்ட கற்பூரம் பிடித்தும் தடுமாறினார். வயசானவர்களுக்கு மோப்பம் மங்கும். வீட்டில் மூக்கு நன்றாக இருக்கிற ஒருவர்தான் பற்றவைக்கவும் அணைக்கவும் வேண்டும்.

குவைத் சித்தப்பாவிடம் அடுத்த பெட்டியில் பட்டரியில் ஓடும் கார்பன் மொனொக்சைட் எச்சரிப்பு மணி ஒன்று போடச் சொல்லுங்கள்.

22 ஜனவரி 2024

சுவர் வியர்ப்பது பற்றி ஹப்புத்தளையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். எங்களுக்கும்தான். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். ஒரு தட்டுக்கு மணிக்கு 100 கிராம் என்று வைத்தாலும், இரண்டு மணித்தியாலத்தில் 300 மில்லிலீட்டருக்கு மேல். அது எங்கே போகும்? தகரத்தில் முத்து முத்தாகப் படியும். விடியக்காலை நான்கு மணிக்கு அம்மாவின் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்து எழும்பிவிட்டார். அணைத்த பிறகு ஒரு கால் மணித்தியாலம் ஜன்னலைத் திறந்துவிடுகிறேன். சூட்டில் கொஞ்சம் போகிறது, போகட்டும். ஈரச் சுவரோடு படுத்தால் இருமல் திரும்பிவிடும்.

மின்சார ஹீட்டர் நல்லதில்லையா என்றால், படுக்கையறைக்கு அதுதான் நல்லது. தோட்ட லய வீடுகளின் பழைய வயரிங் 1,500 வாட்டைத் தாங்குமா என்று தெரிந்தவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். கேஸின் ஒரே பலம், கரண்ட் போன இரவிலும் எரியும்.

4 பெப்ரவரி 2024

சிலிண்டரை வெளியே வைத்து, சுவரில் துளை போட்டு நீள ஹோஸ் இழுக்கலாம் என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். அதையும் செய்து பார்த்திருக்கிறேன். முதல் கிழமை நல்லா இருந்தது. இரண்டாம் கிழமை ஒரு காலை நாற்றம். ஹோஸைத் தடவிக்கொண்டே போனால், துளைக்கு வெளியே நான்கு அங்குலம் தள்ளி எலிப் பல். ரப்பரில் அரிசி அளவு குழி, உள்ளே நூல் தெரிகிறது. அன்றே எடுத்துவிட்டேன். பெட்டி ஹீட்டர் என்றால் சிலிண்டர் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும், கட்டை ஹோஸோடு.

பெரியதிலிருந்து சின்னக் கேனுக்கு நிரப்பித் தருகிறோம் என்பவர்கள் பக்கமே போகாதீர்கள்.

18 பெப்ரவரி 2024

எவ்வளவு நாள் வரும் என்ற கேள்விக்கு முன்பு ஒருவருக்குத் தனியாக இரண்டு மாதம் என்று பதில் எழுதியிருந்தேன். தவறு, இங்கேயே திருத்துகிறேன். ஒரு தட்டு, தினம் இரண்டு மணித்தியாலம் என்றால் 12.5 கிலோ கணக்குப்படி 62 நாள். நான் மரக்கறித் தராசில் வாரா வாரம் நிறுத்துக் குறித்து வந்தேன். ஜனவரி 7 ஆம் திகதி முழுச் சிலிண்டர். இன்றைக்கு வளையத்தில் அடித்த வெற்று எடை கழித்து 2.6 கிலோ மிச்சம். ஆறு கிழமையில் பத்துக் கிலோ போயிருக்கிறது. பனி விழுந்த அந்தப் பத்து நாளில் அம்மா எனக்குத் தெரியாமல் இரண்டாவது தட்டையும் போட்டிருக்கிறார். கேட்டேன், "கால் விறைச்சுப் போச்சுடா" என்றார். அதற்கு மேல் என்ன கேட்பது. ஒன்றரை மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2 மார்ச் 2024

ராகலைத் தங்கச்சி எழுதியிருக்கிறார். ஹீட்டர் முன்னறையில். சாக்கு எல்லாம் எடுத்தாயிற்று. கடையில் ரெகுலேட்டரை மாட்டிப் பார்த்து வாங்கியிருக்கிறார், சிலிண்டரையும் நிறுத்திருக்கிறார், சரியாக இருந்ததாம். அம்மாயி பின்னேரம் அதற்கு முன்னால் உட்கார்ந்து பக்கத்து லயத்துக் கிழவிகளோடு கதை பேசுகிறாராம். இருமல் முழுக்க நிற்கவில்லை, டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போகப் போகிறார்கள். அதுவும் நல்லது, ஹீட்டர் மருந்தில்லை.

தட்டில் நெருப்பு ஒரு ஓரத்தில் மஞ்சளாக வருகிறது என்று சொல்கிறார். தங்கச்சி, அணைத்து, ரெகுலேட்டரைக் கழற்றி, ஆறவிட்டு, தூசியும் சிலந்தி வலையும் இருக்கிறதா என்று தெரிந்தவரிடம் காட்டுங்கள். பெட்டி கப்பலில் வந்தது, எங்கெங்கோ கிடந்திருக்கும். மஞ்சள் போகும் வரை பற்றவைக்க வேண்டாம்.

5 மார்ச் 2024

வலைதான். இப்போது தட்டு முழுக்க ஒரே செம்மையாக எரிகிறதாம்.